இறால் பிடிக்கும் என்று ஸ்பானிஷில் சொன்னவன்

"ஹலோ... ஹலோ, விஜி அக்காவா?... நான்தான், ஜெயந்த். சத்தம் போடாதே... நீ இன்னும் போடலை, சரி. போடப் போறே. அதுக்கு முன்னாடியே சொல்லி வெக்கறேன்... இல்லை, பரீட்சை நடந்த ஆபீஸ்ல இல்லை. சால்ட் லேக்ல ஒருத்தர் ஆத்துல இருக்கேன்... யார் ஆத்துலயா? என் ஸ்பானிஷ் வாத்தியார் ஆத்துல... ஆமாம், ஆமாம், நிர்மால்ய கோஷ். அவரேதான்... பரீட்சையா? பாதி முடிஞ்சுது. மீதிப் பாதி அடுப்புல கொதிச்சுண்டிருக்கு."

ஜெயந்த் ரிசீவரை வாயோடு ஒட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தான். கடுகெண்ணெய்ப் புகை ஒன்று கதவிடுக்கு வழியாக வந்து, ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே அவன் மூக்கில் குடியேறியது.

"பயப்படாதே, தமிழ்லயே பேசலாம். இங்க ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது... சொல்றேன், முதல்லேர்ந்து சொல்றேன். இன்னிக்குக் காலம்பற வாய்மொழிப் பரீட்சை இல்லையா? புதுசா ஆரம்பிக்கற ஸ்பானிஷ் பிரிவுக்கு ஆள் எடுக்கறதுக்கு... அதேதான், செக்டர் ஃபைவ் கால் சென்டர். ஆள் எடுக்கற பொறுப்பைக் கம்பெனி வாத்தியார்கிட்டயே விட்டிருக்கு. தலைப்பு என்ன தெரியுமா? எனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை... ஆமாம், அந்தப் பாடம்தான் எனக்குத் தண்ணி பட்ட பாடு. 'மே குஸ்தா'ன்னா எனக்குப் பிடிக்கும். கூட 'மூச்சோ' சேர்த்தா ரொம்பப் பிடிக்கும். 'நோ மே குஸ்தா'ன்னா பிடிக்காது. நம்ம தமிழ் மாதிரியே இருக்கும்... சங்கடம் என்னன்னா, எனக்குப் பிடிச்சது எதுக்கும் ஸ்பானிஷ்ல பேர் கிடையாது... வத்தக்குழம்புக்கு என்ன சொல்லுவே? மோர்க்களிக்கு?... அதான் சொல்றேனே. புஸ்தகத்துல இருக்கறது ஒயின், காளைச் சண்டை, பன்னித் தொடை, இறால். இருக்கறதுக்குள்ள சாதுவாப் பட்டது இறால்தான்..."

ஜெயந்த் கண்களை மூடிக்கொண்டான்.

"ஆமாம். 'எனக்கு இறால் ரொம்பப் பிடிக்கும்'னு சொல்லிட்டேன்... மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சேன், வேற என்ன பண்ணுவேன்?... சிரிக்காதே... அக்கா, சிரிக்காதே. மேல கேளு. அவர் நாற்காலியை விட்டு எழுந்துட்டார்... கோபமில்லை, ஆனந்தம். கண்ணெல்லாம் கலங்கிடுத்து. 'அப்போ இலிஷ்?'னு ஸ்பானிஷ்ல கேட்டார். ஹில்ஸா மீன். அதுவும் பிடிக்கும்னு சொன்னா நன்னா இருக்காதேன்னு, பாடத்துல பிடிக்காததுக்கும் ஒண்ணு சொல்லணுமேன்னு, 'நோ மே குஸ்தா'ன்னேன். அவ்வளவுதான். ஓடி வந்து கட்டிப் பிடிச்சுண்டார்... எதுக்கா? டாலிகஞ்ச்ல இத்தனை வருஷமா இருந்துண்டு எதுக்குன்னு கேக்கறியே. இறால்னா மோகன் பகான் ஃபுட்பால் டீம். இலிஷ்னா எதிர் டீம், ஈஸ்ட் பெங்கால். கல்கத்தாவுல பிடிக்கும் பிடிக்காதுங்கறது நாக்கு சமாசாரமா? எந்தக் கட்சிங்கற சமாசாரம். நேத்திக்கு வேற மேட்ச்ல மோகன் பகான் ஜெயிச்சுடுத்து..."

காலடிச் சத்தம். செருப்பு தேயும் ஒலி நெருங்கியது. நின்றது. வேட்டியும் மெரூன், பச்சைக் கோடு போட்ட பனியனுமாக வாத்தியார் தலையை நீட்டினார்.

"ஹ்யா ஸ்யார்... ஹ்யா, ஹ்யா, தீதியோடதான் பேசறேன்... கூப் பாலோ கொந்தோ, ஸ்யார். கூப் பாலோ."

தலை திருப்தியோடு மறைந்தது.

"ஒண்ணுமில்லை அக்கா, அக்காவோட பேசறேன், வாசனை பிரமாதம்னு வங்காளத்துல சொன்னேன்... பின்னே, நாறறதுன்னா சொல்ல முடியும்?... கேளு. மெட்ராஸ்காரன் ஒருத்தன், மோகன் பகான் கட்சி, அதையும் ஸ்பானிஷ்ல சொல்றான். அவர் ஜன்மத்துல இப்படி நடந்ததே இல்லையாம். அப்படியே ஸ்கூட்டர்ல ஏத்திண்டு வந்துட்டார். மீதிப் பரீட்சை சாப்பாட்டு மேஜையிலயாம். ஒரு வாய் இறால் திங்கணும், ஒரு வாக்கியம் ஸ்பானிஷ்ல சொல்லணும். அப்புறம்தான் மார்க்... ஆமாம், நான்தான். முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துட்டு வெச்சுடற அதே ஜெயந்த்தான்."

அக்காவிடமிருந்து நீளமாக ஏதோ வந்தது. ஜெயந்த் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். பிறகு பழையபடி ஒட்டிக்கொண்டான்.

"அந்த வேலையே வேண்டாம்னு எழுந்து வந்துடறதா? நீ சொல்லிடுவே. இது தேறலைன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?... அப்பா விளையாட்டுக்கா சொன்னார்? இந்த மாசம் வேலை ஆகலைன்னா மன்னார்குடி. மஹாதேவன் மாமாவோட உரக்கடை. மாமா எனக்காக ஒரு ஸ்டூல்கூட வாங்கி வெச்சுட்டாராம்... சிரிக்காதேங்கறேன். கல்கத்தாவுல பொறந்து, கல்கத்தாவுல வளர்ந்து, கடைசியில யூரியா மூட்டைக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காரணுமா நான்?... அதான். அதனாலதான் உனக்குப் போன் பண்றேன். யோசனை சொல்லு."

"...விரதமா? எனக்கும் தோணித்து. இன்னிக்கு என்ன திதி? காலண்டர் பாரு... ஏகாதசி இல்லையா? சஷ்டி?... கிருத்திகை?... ஒண்ணுமே இல்லாத ஒரு நாளாப் பார்த்துப் பரீட்சை வெச்சிருக்கார் பார்... ஆடி வெள்ளிக்கிழமை சரி, ஆனா அது பொம்மனாட்டிகளுக்குன்னா... அவருக்குத் தெரியாதுன்னாலும் எனக்குத் தெரியுமே... சபரிமலைக்கு மாலையா? ஆடி மாசத்துலயா? கழுத்துல மாலை எங்கேன்னு கேட்டா ஸ்பானிஷ்ல என்ன சொல்லுவேன்?"

"...வயித்து வலி. அதைச் சொல்லிப் பார்த்துட்டேன். கல்கத்தாவுல ஒருத்தர்கிட்ட வயிறு சரியில்லைன்னு சொல்லலாமோ? உடனே மரப்பெட்டியைத் திறந்தார். ஹோமியோபதி. என் நாக்கைப் பார்த்தார், கண்ணைக் கீழ இழுத்துப் பார்த்தார், சின்ன வயசுல இடி இடிச்சா பயப்படுவியான்னு கேட்டார். இப்போ என் நாக்குக்கு அடியில நாலு சர்க்கரை உருண்டை கரைஞ்சுண்டிருக்கு. அரை மணியில பசி பிச்சுக்கும்னு உத்தரவாதம் வேற குடுத்திருக்கார்."

"...ஆஸ்பத்திரியா? யாருக்குன்னு சொல்ல?... அத்திம்பேருக்கு ஆக்ஸிடென்ட்டா? ஏன், பாவம், அவர் என்ன பண்ணினார்?... சரி, லேசான ஆக்ஸிடென்ட்டே வெச்சுக்கோ. இந்த மனுஷனை உனக்குத் தெரியாது. ஸ்கூட்டரை எடுத்துண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போவார். அங்க அத்திம்பேரைக் காணலைன்னா ஒவ்வொரு வார்டாத் தேடுவார். கடைசியில ஏதாவது ஒரு அத்திம்பேரைக் கண்டுபிடிச்சு ஆரஞ்சுப் பழம் குடுத்துட்டுத்தான் விடுவார்..."

"...நீ சாப்பாடு கட்டிண்டு வரயா? மழை பெய்யறது. ரோடெல்லாம் முழங்கால் தண்ணி. டாலிகஞ்ச்லேர்ந்து நீ சால்ட் லேக் வந்து சேரறதுக்குள்ள நான் அதைத் தின்னு ஜீரணமும் பண்ணியிருப்பேன். பிரயோஜனமில்லை. வேற சொல்லு."

சமையலறையில் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். ஜெயந்த் எட்டிப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அக்கா... பார்த்துட்டேன்... எவ்வளவு பெரிசுங்கறே? நான் குட்டியா, சுருண்டுண்டு, முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும்னு நினைச்சேன். ஒவ்வொண்ணும் கரப்பான் பூச்சியைப் பிடிச்சுப் பால் சோறு போட்டு வளர்த்தாப்ல இருக்கு. மீசை வேற. தலையோட வெச்சிருக்கா. கண்ணு இருக்கு அக்கா, ரெண்டு கண்ணும் என்னையே பார்க்கறது... வாத்தியாரோட ஆத்துக்காரிதான் சமைக்கறா. அண்ணி முறையா பௌதி, பௌதின்னு கூப்பிடறேன். நல்ல மாதிரியாத்தான் இருக்கா. ஆனா அந்தக் கரண்டியை வெச்சுண்டு நிக்கற தோரணையைப் பார்த்தா எனக்குக் குலை நடுங்கறது..."

"...என்னது? தேங்காய்ப் பாலா? ஆமாம், தேங்காய்ப் பால்தான் விட்டிருக்கா. உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் புருவம் மெல்ல உயர்ந்தது. உயர்ந்தது, அங்கேயே நின்றது.

"...விஜி அக்கா, உன்னைத்தான் கேக்கறேன், உனக்கு எப்படித் தெரியும்?... காலேஜ்ல படிக்கும்போதா?... கரியாஹாட்ல யாரோட?... சிநேகிதி சொன்னான்னு... ஒரு வாய்தான்னா என்ன, ஒரு வாய்தான்னா?... அம்மாவுக்குத் தெரியுமா?... ருசி எப்படி இருந்ததுன்னு நான் கேக்கலையே, நீயே ஏன் சொல்றே?... நன்னா இருந்ததா... இரு, இரு. எனக்குத் தலை சுத்தறது. என்னை ஆசாரம் ஆசாரம்னு விரட்டினது நீதானே?... சரி. அதை அப்புறம் பேசிக்கலாம். உன் விஷயம் பத்திரமா என்கிட்ட இருக்கு. நீ சாப்பிட்டியேன்னு நானும் சாப்பிடணுமா? எனக்கு வராது. நான் வாயில வெச்சா அது மேஜை மேலயே வெளியில வந்துடும். அப்புறம் மார்க் எங்கேர்ந்து வரும்?"

பின்னால் ஒரு வளையல் குலுங்கியது.

ஜெயந்த் திரும்பினான். பௌதி நின்றாள். கையில் ஒரு தம்ளர் தண்ணீர். அவள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தம்ளருக்குத்தான் தெரியும். அவன் வங்காளத்தில் நன்றி சொல்லித் தண்ணீரை வாங்கிக்கொண்டான். பௌதி போகவில்லை. வாயைத் திறந்தாள்.

வந்தது வங்காளம் இல்லை.

ஜெயந்த் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வெளியேறியது.

"அக்கா... அக்கா, லைன்ல இருக்கியா?... இருமல் இல்லை, புரையேறிடுத்து... இந்தம்மாவுக்குத் தமிழ் தெரியும்... ஒண்ணு ரெண்டு வார்த்தை இல்லை. முழுசா. கரப்பான் பூச்சி முழுசா... வேலூர் ஆஸ்பத்திரி. அவா அப்பாவுக்கு ஆபரேஷன்னு மாசக் கணக்கா லாட்ஜ்ல தங்கி, ஸ்டவ் வெச்சு சமைச்சு, காய்கறிக்காரிகிட்ட தினம் சண்டை போட்டுக் கத்துண்டாளாம்... எனக்கு எங்கே தோணித்து? இந்த ஊர்ல ஆத்துக்கு ஒருத்தர் வேலூர் போயிட்டு வந்தவாதானே. இத்தனை நாள் பஸ்ல நாம ரெண்டு பேரும் எத்தனை பேரைப் பத்தி என்னென்ன பேசியிருப்போம், நினைச்சுப் பாரு..."

அவன் ரிசீவரை இறக்கினான்.

"மன்னிச்சுக்கோங்கோ பௌதி... இல்லை, அண்ணி. அண்ணி. கரப்பான் பூச்சின்னு சொன்னது உங்க சமையலை இல்லை. அந்த... அந்த ஜீவனைப் பார்த்து... தோரணைன்னு சொன்னதும் மரியாதையாத்தான்... ஸ்யார்கிட்ட சொல்லிடாதீங்கோ. உங்க கால்ல வேணும்னாலும்... என்ன?... போனையா? ஏன்?"

அதற்குள் ரிசீவர் கை மாறிவிட்டது. அடுத்த சில நிமிஷங்கள் ஜெயந்த்துக்கு வேலையே இல்லை. போன் வைத்த முக்காலியின் பக்கத்தில், அபராதம் கட்ட வந்தவன் மாதிரி நின்றான். வேலூர் கடைத்தெருத் தமிழ் ஒரு முனையில். மறு முனையில் அவனுடைய அக்கா. இரண்டு பேரும் போன ஜன்மத்தில் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். ஒருமுறை பௌதி அவனை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். ஒருமுறை பல்லைக் கடித்தாள். சமையலறைப் பக்கம் கையை நீட்டி யாரையோ திட்டினாள். திட்டு வாத்தியாருக்கா இறாலுக்கா என்று அவனுக்கு விளங்கவில்லை. கடைசியில் ரிசீவரை அவன் கையில் திணித்தாள்.

"என்ன அக்கா, என்ன சொன்னா?... மெதுவா, மெதுவா... இவா பொறந்த ஆம் ஈஸ்ட் பெங்கால் கட்சியா? பூர்வீகம் அந்தப் பக்கத்துப் பாரிசாலா?... அட... அப்போ இலிஷ்தான் உசிரா?... கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இறாலா?... மேட்ச் சீசன்ல இலிஷ் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சட்டமா? இலிஷ் சீசனும் அதே மாசம்தானே... பாவம். ஜாதவ்பூர்ல அவா அண்ணா ஆத்துக்குப் போய்த்தான் திங்கறாளா? வாயை சோப்புப் போட்டு அலம்பிண்டு வராளா?... சரி, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

கேட்டான். முகம் வெளுத்தது.

"...முடியாது... முடியாதுன்னா முடியாது. அவர் மூஞ்சிக்கு நேரா, 'எனக்கு இறால் பிடிக்காது'ன்னா? அவர் ஆத்துல உட்கார்ந்துண்டு? நேத்து ஜெயிச்ச மோகன் பகான்காரர்கிட்டயா?... ஏன், அவாளே சொல்ல வேண்டியதுதானே?... யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சு வெக்கணுமா? அதுக்கு நான்தான் கிடைச்சேனா? நீங்க ரெண்டு பேரும் இப்போதான் அறிமுகம், அதுக்குள்ள என் தலையை வெச்சுப் பந்து ஆடறேள்... வேற வழி இல்லைதான்... திங்கவும் முடியாது, ஓடவும் முடியாது, சரிதான்... ஆனா மன்னார்குடி?... அது எப்படியும் மன்னார்குடிதான்னு வெச்சுண்டு சொல்லிடுங்கறே... ரொம்ப தைரியம் சொல்றே. தாங்க்ஸ்."

மணி ஒலித்தது போல வாத்தியாரின் குரல் உள்ளிருந்து கிளம்பியது.

"ஆஸ்சி, ஸ்யார்... இதோ வரேன்... அக்கா, இலை போட்டாச்சு. அதாவது, தட்டு. நான் வெச்சுடட்டுமா?... ஏன் வெக்கக் கூடாது?... நான் பின்வாங்கிடுவேனா? அதைக் காவல் காக்கறியா நீ?... அண்ணி என்ன பண்றீங்கோ? போனை ஏன் தூக்கறீங்கோ?"

வயர் நீளமான வயர். பௌதி போனை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையின் மேல், உப்பு ஜாடிக்கும் எலுமிச்சம்பழத் துண்டுகளுக்கும் நடுவில் வைத்தாள். வாத்தியார் கேள்விக்குறியாகப் பார்த்தார்.

"ஸ்யார், தீதி... தீதி லைன்ல இருக்கா. நான் ஸ்பானிஷ் பேசறதைக் கேக்கணுமாம்... ஹ்யா, ஸ்யார். எங்க ஆத்துல எல்லாருக்கும் ரொம்பப் பெருமை."

வாத்தியார் பூரித்துப் போனார். ரிசீவருக்கு ஒரு நமஸ்காரம் போட்டார். தட்டில் வெள்ளைச் சோறு மலையாக ஏறியது. மலையடிவாரத்தில், தேங்காய்ப் பால் மஞ்சளில் மூழ்கி, மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டு இறால்கள் வந்து படுத்தன. பரீட்சை ஆரம்பம் என்று வாத்தியார் கையசைத்தார்.

ஜெயந்த் இடது கையால் ரிசீவரைக் காதில் அணைத்துக்கொண்டான். வலது கை சோற்றைத் தொட்டது. நின்றது.

"அக்கா... தட்டுல விழுந்துடுத்து... ரெண்டு... பார்க்கலை, பார்க்கலை, கூரையைத்தான் பார்க்கறேன்... சொல்றேன். அவசரப்படுத்தாதே."

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மே... மே... மே..."

"...ஆடு மாதிரி இருக்குன்னு எனக்கும் தெரியறது. கொஞ்சம் சும்மா இரு."

வாத்தியார் உற்சாகமாகத் தலையை ஆட்டி, மேலே, மேலே என்றார். அவருடைய முகத்தில் நேற்றைய கோல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அந்த முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஜெயந்த் உரக்கடையை நினைத்தான். ஸ்டூலை நினைத்தான். பிறகு தட்டைப் பார்த்தான். இறால் அவனைப் பார்த்தது.

"நோ. நோ மே குஸ்தான் லாஸ் கம்பாஸ்."

வாத்தியாரின் கையில் இருந்த கவளம் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

"...சொல்லிட்டேன் அக்கா... உட்கார்ந்திருக்கார்... இப்போ கவளத்தைக் கீழ வெச்சுட்டார்... ஏன்னு கேக்கறார். ஸ்பானிஷ்லதான் கேக்கறார். இரு, பதில் சொல்லணும்."

பதிலுக்கு அவனிடம் இருந்த கருவிகள் இரண்டே இரண்டு. பிடிக்கும், பிடிக்காது. மனப்பாடம் பண்ணின பத்தி எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. இருப்பதை வைத்துக்கொண்டு ஜெயந்த் துடுப்பில்லாத படகில் இறங்கினான். எனக்கு இறால் பிடிக்காது. மீனும் பிடிக்காது. முட்டை பிடிக்காது. இலிஷும் பிடிக்காது, ஸ்யார், ஆனால் உங்கள் காரணத்துக்காக இல்லை. பொய் பிடிக்காது, காலையில் சொன்னேன், அதனால் இப்போது என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை. உரம் பிடிக்காது. ஸ்டூல் பிடிக்காது. சாதம் பிடிக்கும். தயிர் பிடிக்கும். மழை பிடிக்கும். கல்கத்தா பிடிக்கும். வேலை ரொம்ப, ரொம்பப் பிடிக்கும்.

சொல்லி முடித்தபோது அவனுக்கு வேர்த்திருந்தது. உரத்துக்கு ஸ்பானிஷ் தெரியாததால் அதை மட்டும் யூரியா என்றே சொல்லியிருந்தான். வாத்தியாருக்கு அது யார் என்று புரியவில்லை. முறிந்துபோன ஏதோ சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மேஜையின் மறுமுனையிலிருந்து, கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, பௌதி இரண்டு வார்த்தை சொன்னாள்.

"...அக்கா... அக்கா, கேட்டுதா?... அண்ணிதான். ஸ்பானிஷ்ல! 'எனக்கும்தான் பிடிக்காது'ன்னுட்டா... எப்படித் தெரியுமாவா? இந்த மேஜையிலதானே வருஷக் கணக்கா டியூஷன் நடக்கறது. பிடிக்கும் பிடிக்காது பாடம் எத்தனை தடவை காதுல விழுந்திருக்கும்?... இல்லை, சண்டை இல்லை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துண்டிருக்கா... இன்னும் பார்த்துண்டிருக்கா... நான் எங்கே பார்க்கறதுன்னு தெரியாம உப்பு ஜாடியைப் பார்த்துண்டிருக்கேன்... அவர் எழுந்துக்கறார் அக்கா. என் பக்கமா வரார்."

வாத்தியார் வந்தார். குனிந்தார். ஜெயந்த்தின் தட்டிலிருந்து இறால் இரண்டையும் மீசையைப் பிடித்துத் தூக்கினார். திரும்பப் போய்த் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அமைதியாக ஒன்றைத் தின்றார். யோசித்தார். இரண்டாவதையும் தின்றார். பிறகு மனைவியிடம் வங்காளத்தில் ஒரு வார்த்தை கேட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை கிலோ இலிஷ் வாங்க வேண்டும் என்று. அவருடைய குரல் தன் கட்சி ஆள் தன் பக்கத்துக்கே கோல் போட்டதைப் பார்த்தவர் குரல் மாதிரி இருந்தது.

"ஸி, ஸ்யார்... ஸி... நோ, ஸ்யார்... ஸி, ஸி... கிராசியாஸ், ஸ்யார்... கிராசியாஸ்... நிஜமாவா, ஸ்யார்?"

ஜெயந்த் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சோறு காதில் ஒட்டியது.

"அக்கா... கிடைச்சுடுத்து... வேலை, வேலை கிடைச்சுடுத்து... அழறியா சிரிக்கறியா, ஏதாவது ஒண்ணு பண்ணு... காலம்பற ஒப்பிச்சதுக்கு அவர் முட்டைதான் போட்டிருந்தாராம். கட்டிப் பிடிச்சுண்டது மோகன் பகானுக்காம், மார்க் ஸ்பானிஷுக்காம். ரெண்டும் வேற வேறயாம்... ஆமாம், அந்த இறாலைத் தின்னுட்டு அதே பத்தியை ஒப்பிச்சிருந்தா நேரா மன்னார்குடிதான்... எந்தப் பிரிவா? புகார்ப் பிரிவு. இதுவரைக்கும் வந்தவா எல்லாரும் எதைக் கேட்டாலும் பிடிக்கும் பிடிக்கும்னாளாம். அமெரிக்காவுலேர்ந்து ஒருத்தன் வாங்கின ஃப்ரிட்ஜ் சரியில்லைன்னு ஸ்பானிஷ்ல கத்தினா, அதுக்கும் பிடிக்கும் பிடிக்கும்னு சொன்னா கம்பெனி என்ன ஆறது? பிடிக்காதுங்கறதை மூஞ்சிக்கு நேராச் சொல்றவன்தான் அதைக் கேட்டுக்கவும் லாயக்குங்கறார்... ஆமாம், ஆமாம், அப்பாகிட்ட நீயே சொல்லிடு. மாமாகிட்ட ஸ்டூலை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு."

பௌதி சமையலறைக்குள் ஓடினாள். ஓடின வேகத்திலேயே ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு திரும்பினாள். அவள் முகத்தில் பன்னிரண்டு மாத வெயிலும் ஒரே நாளில் அடித்தது. அவனுக்கென்றே ஏதோ செய்திருக்கிறாள்.

"...இரு அக்கா, அண்ணி ஏதோ கொண்டு வரா... மரக்கறிதான், மரக்கறிதான். ஷுக்தோவாம். நீ சொன்னியா, நான் சைவம்னு?... போன்ல சொன்னதுமே அடுப்புல ஏத்திட்டாளா... தங்கமான மனுஷி... பார்க்க நம்ம கூட்டு மாதிரி வெள்ளையா இருக்கு. வாழைக்காய் தெரியறது. முருங்கைக்காய் தெரியறது. அப்புறம் பச்சையா, பெரிய பெரிய துண்டா..."

நிறுத்தினான். கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்தான்.

"அக்கா. பாகற்காய்."

"...நிறைய. முக்கால்வாசி அதுதான்... ஆமாம், பிட்லை பண்ணினாலே நான் வாசலுக்கு ஓடிடுவேன், உனக்குத் தெரியும். ஆனா எப்படிச் சொல்றது?... தமிழ்ல சொன்னா புரிஞ்சுடும்... வங்காளத்துல சொல்லவே வேண்டாம்... ஸ்பானிஷும் தெரியும்னு இப்போதான் பார்த்தேனே... இங்கிலீஷ்லயா? அதுல அவா எம்.ஏ., பட்டம் சுவத்துல தொங்கறது... இல்லை அண்ணி, ஒண்ணுமில்லை. அக்காகிட்ட உங்களைப் பத்தித்தான் பெருமையாச் சொல்லிண்டிருக்கேன்..."

ஷுக்தோ தட்டில் விழுந்தது. கோடைக்காலத்துக் குளம் மாதிரி பரவி, சோற்று மலையைச் சுற்றி வளைத்தது. பௌதி கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். அவன் வாயையே பார்த்தாள். வாத்தியாரும் பார்த்தார், புகார்ப் பிரிவின் புது ஆள் என்ன சொல்லப் போகிறான் என்று.

ஜெயந்த் ஒரு கவளம் எடுத்தான். வாயில் போட்டான். விழுங்கினான். கண்ணின் ஓரத்தில் தண்ணீர் ததும்பியது. அது நன்றிக் கண்ணீர் என்று வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

"மே குஸ்தா, அண்ணி... மே குஸ்தா மூச்சோ."

பௌதி இன்னொரு கரண்டி போட்டாள். பிறகு, சாப்பிடுகிற பிள்ளைக்குப் போன் எதற்கு என்று ரிசீவரை அவன் காதிலிருந்து பிடுங்கி வைத்தாள்.